மலைப்பக்கம், கடல்பக்கம்

மகள் ஜப்பானிய மொழி வகுப்பில் சேர்ந்த வாரம், "உன்கிட்ட பழைய புக் இருக்குன்னு சொல்வியேம்மா, அதைக் கொடு" என்றாள். ஜப்பானில் பயிற்சி பெற்றுத் திரும்பியவர்கள் கூடிச் சென்னையில் நடத்தும் ஏபிகே–ஏஓடிஎஸ் தோசோகாய் மையத்தில்தான் அவளும் சேர்ந்திருந்தாள். பரணிலிருந்து 'ஷின் நிஹோங்கோ நோ கிசோ' இறங்கியது. அட்டை கிழிந்து, ஓரங்களில் என் பென்சில் குறிப்புகள் மங்கியிருந்தாலும் ஒரு தாள்கூட உதிரவில்லை. அவள் புரட்டியபோது நடுவிலிருந்து மெல்லிய அட்டை ஒன்று கீழே விழுந்தது. கடலோரத்தில் ஒரு சிவப்புக் கோபுரம், ஓரத்தில் சின்னச் சின்ன ஓட்டைகள்.

"ஏம்மா, இதை எலி கடிச்சுதா?"

டெலிபோன் கார்டு என்றேன். அப்போது ஜப்பானில் தெருவுக்குத் தெரு பச்சை நிறப் பொதுத் தொலைபேசி இருக்கும். ஆயிரம் யென் கொடுத்தால் 105 யூனிட் கொண்ட அட்டை கிடைக்கும். அதைச் செருகிப் பேசினால் சிறிய கண்ணாடித் திரையில் எண் குறைந்துகொண்டே வரும். பேசி முடித்து அட்டையை வெளியே எடுக்கும்போது, எவ்வளவு மிச்சம் என்று காட்ட இயந்திரமே ஓர் ஓட்டை போட்டு அனுப்பும். உள்ளூரில் பேசினால் எண் மெல்ல நகரும். இந்தியாவுக்குப் பேசினால் கண்ணெதிரே சரியும். இந்த அட்டையின் கடைசி ஓட்டை பூஜ்யத்தின் அருகில் இருந்தது. அது எந்த ஊரில், எந்த மாலையில் விழுந்த ஓட்டை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

தொண்ணூறுகளின் கடைசி அது. அம்பத்தூரில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தேன். பயிற்சிக்கு ஒசாகா அனுப்பினார்கள். நகரின் தென்கோடியில் இருந்த பயிற்சி மையத்தில் தாய்லாந்து, இந்தோனேசியா, பிரேசில், மெக்சிகோ என்று பல நாட்டவர். காலையில் மொழி, மதியம் தொழில். ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ஊர்க்காரர்கள் கூட்டமாக நிப்பொன்பாஷிக்குப் போவார்கள். வாக்மேன், கேமரா, சோற்றுக் குக்கர் என்று கடைகடையாக விலை விசாரித்துவிட்டு, இரவு வந்து யார் எவ்வளவு குறைத்து வாங்கினார்கள் என்று கணக்குப் பார்ப்பார்கள். நானும் சில வாரம் போனேன். பிறகு அலுத்துவிட்டது.

அதுவரை எந்த ஊரிலும் நான் சும்மா சுற்றியதில்லை. தூத்துக்குடியில் பள்ளிக்கூடம், திருநெல்வேலியில் கல்லூரி, சென்னையில் பெண்கள் விடுதி. விடுதி வாசலில் ஒரு நோட்டு இருக்கும். வெளியே போகும் நேரம், போகும் இடம், காரணம், திரும்பும் நேரம் என்று நாலு கட்டம். காரணம் என்ற கட்டத்தில் பல் டாக்டர் என்றோ, சித்தி வீடு என்றோ எழுதலாம். 'சும்மா' என்று எழுத முடியாது. ஒசாகா மையத்தில் அப்படி ஒரு நோட்டு இல்லை. அறைச்சாவியை வரவேற்பு மேசையில் கொடுத்துவிட்டால் போதும். முதல் சில நாட்கள் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பெண் ஏதாவது கேட்பாள் என்று நானாகவே ஒரு நொடி நிற்பேன்.

கோபேக்குப் போகத் தோன்றியதற்குக் காரணம் ஒரு பாலம். வகுப்பில் எங்கள் பயிற்றுநர் அகாஷி கைக்யோ பாலத்தைப் பற்றிச் சொல்லியிருந்தார். கோபேயின் மேற்கு ஓரத்திலிருந்து அவாஜித் தீவுக்குப் போகும் தொங்குபாலம் அது. 1998இல் திறந்தார்கள். நடு இடைவெளியை 1,990 மீட்டர் என்று வரைந்திருந்தார்கள். கோபுரங்கள் எழும்பி, வடங்களும் கட்டியான பிறகு 1995 ஜனவரி 17 அதிகாலையில் நிலம் நடுங்கியது. கோபுரங்கள் நின்ற தரையே நகர்ந்து, இடைவெளி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் கூடிவிட்டது. பொறியாளர்கள் கணக்கைத் திருத்திக்கொண்டு, 1,991 மீட்டரில் பாலத்தைக் கட்டி முடித்தார்கள். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்குச் சண்டை போடும் பிரிவில் வேலை பார்த்த எனக்கு, நிலம் ஒரு மீட்டரைத் தூக்கிக் கொடுத்ததும் அதை மனிதர்கள் பதறாமல் வாங்கிக்கொண்டதும் தூக்கத்தைக் கெடுத்தன. அந்தப் பாலத்தைப் பார்க்கத்தான் கிளம்பினேன். பாலத்தைப் பார்க்கவேயில்லை.

ஒசாகாவின் உமேதாவில் ஹான்க்யூ ரயில் நிலையம் பெரிய முற்றமாக விரிந்திருக்கும். தண்டவாளங்கள் அங்கே முடிகின்றன. மெருகேற்றிய மரூன் நிறப் பெட்டிகள், உள்ளே கரும்பச்சை வெல்வெட் இருக்கைகள். கட்டணப் பலகை முழுக்கச் சீன எழுத்து. எங்களுக்கெல்லாம் மையத்தில் முதல் வாரமே ஓர் உபாயம் சொல்லித் தந்திருந்தார்கள்: இருப்பதிலேயே மலிவான சீட்டை வாங்கு, இறங்குமிடத்தில் இருக்கும் இயந்திரத்தில் மிச்சத்தைக் கட்டு. கோபே, தக்கராசுகா, கியோத்தோ ஆகிய மூன்று ஊர்களுக்கும் ஒரே நிமிடத்தில் மூன்று ரயில்கள் கிளம்பி, ஆற்றைக் கடந்து ஜூசோ நிலையம் வரை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பக்கத்து ரயிலின் ஜன்னலில் ஒட்டிக்கொண்டு ஒரு சிறுவன் எனக்குக் கையசைத்துக்கொண்டே வந்தான். ஜூசோ தாண்டியதும் அவன் வேறு ஊருக்கு வளைந்து போய்விட்டான்.

அப்புறம் வலதுபக்கம் மலை வந்தது. வந்தது வந்ததுதான், விலகவேயில்லை. ஒசாகாவுக்கும் கோபேக்கும் நடுவில் மூன்று ரயில் பாதைகள் அடுத்தடுத்து ஓடுகின்றன. மலையை ஒட்டி ஹான்க்யூ, கடலை ஒட்டி ஹான்ஷின், இடையில் ஜேஆர். ரொக்கோ மலைத்தொடருக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள ஒல்லியான நிலத்தில் ஊர் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது.

சன்னோமியாவில் இறங்கினேன். 1936இல் கட்டிய பழைய நிலையக் கட்டடம் நிலநடுக்கத்தில் சிதைந்து, இடித்துவிட்டிருந்தார்கள். தற்காலிகமாக எழுப்பிய சின்னக் கட்டடம்தான் இருந்தது. வெளியே வந்ததும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை. மூலையில் காவல் சாவடி. பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்திருந்த வாக்கியத்தை இளம் காவலரிடம் ஒப்பித்தேன். அவர் பதிலுக்குச் சொன்னதில் ஒன்றும் விளங்கவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். ஒரு தாளை எடுத்தார். மேல் ஓரத்தில் வரிசையாக முக்கோணங்கள் போட்டார். கீழ் ஓரத்தில் அலைகள். நடுவில் தண்டவாளக் கோடு. தண்டவாளத்தில் ஒரு புள்ளி வைத்து, என்னைக் காட்டினார்.

முழு ஊரும் அவ்வளவுதான். ஏறினால் மலை, இறங்கினால் கடல், குழம்பினால் தண்டவாளம். போகப்போகக் கவனித்தேன், அந்த ஊர்க்காரர்களும் அப்படித்தான் வழி சொல்கிறார்கள். பெரிய துணிக்கடையில்கூட வாசல்களுக்கு மலைப்பக்கம், கடல்பக்கம் என்றுதான் பலகை. தெருவில் எந்த இடத்தில் நின்றாலும் உள்ளங்கால் சரிவை உணர்கிறது. எழுத்துத் தெரியாத எனக்கு அந்த ஊர் காலால் வாசிக்கக் கிடைத்தது. பாலம் மேற்கே இருந்தது. மலை எதிரிலேயே இருந்தது. ஏறினேன்.

கித்தானோ என்ற அந்த மேட்டுப்பகுதிதான் பழைய வெளிநாட்டு வணிகர்களின் குடியிருப்பு. 1868இல் கோபே துறைமுகத்தை அந்நியக் கப்பல்களுக்குத் திறந்துவிட்ட பிறகு, கீழே கடலோரத்தில் கிட்டங்கி வைத்தவர்கள் மேலே வீடு கட்டினார்கள். செங்கல் வீடு, பச்சைப் பலகை வீடு, கூரையில் காற்றுக்குச் சுழலும் சேவலோடு 1909இல் ஒரு ஜெர்மானியர் கட்டிய வீடு. உள்ளே போகக் கட்டணம். பயிற்சிப்படியை எண்ணி எண்ணிச் செலவழித்த காலம் என்பதால் எல்லாவற்றையும் வேலிக்கு வெளியில் நின்றே பார்த்தேன்.

சரிவில் திடீரென்று இரண்டு மினார்கள். கோபேயில் வாழ்ந்த இந்திய வணிகர்களும் மற்ற நாட்டு முஸ்லிம்களும் பணம் திரட்டி 1935இல் எழுப்பிய பள்ளிவாசல், ஜப்பானிலேயே முதலாவது. 1945 குண்டுவீச்சில் சுற்றுவட்டாரம் எரிந்தபோதும் அது நின்றது, 1995லும் நின்றது. அதற்குக் கொஞ்சம் மேலே, ஒரு குறுகிய தெருவில், வெள்ளைப் பளிங்கில் ஒரு சமணக் கோயில். 1985இல் கட்டியது. படியில் செருப்புகளைக் கண்டதும் என் கால் தானாகச் செருப்பைக் கழற்றியது.

உள்ளே ஒரு பாட்டி இருந்தார். வெள்ளைச் சேலை, குஜராத்தி முந்தானை, மேலே ஜப்பானிய ஸ்வெட்டர். என்னைப் பார்த்ததும் குஜராத்தியில் ஆரம்பித்தார். தலையாட்டினேன். இந்திக்கு மாறினார். எனக்கு இந்தி வராது. நான் ஆங்கிலத்தில் சொன்னேன், அவருக்கு அது வராது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு, வேறு வழியில்லாமல் ஜப்பானிய மொழியில் பேச ஆரம்பித்தோம். அவர் பல ஆண்டுகள் காய்கறிக் கடையில் பேசிப் பழகிய மொழி. என்னுடையது பாடப்புத்தக மொழி.

"தனியா?"

"தனியா."

"கணவர்?"

"இல்லை."

"அப்பா, அம்மா?"

"இந்தியா. தெற்கு. கடல்."

"பயம்?"

"இல்லை."

"சாப்பாடு?"

நான் பதில் தேடுவதற்குள் அவர் பையைத் திறந்துவிட்டார். வெந்தயக்கீரை போட்ட தேப்லா, ஒரு சின்னப் புட்டியில் இனிப்பு மாங்காய்த் தொக்கு. சைவக்காரியான எனக்கு ஜப்பானில் மதியச் சாப்பாடு என்பது பெரும்பாலும் ஊறவைத்த பிளம் வைத்த சோற்று உருண்டைதான். எந்தக் குழம்பில் கைவைத்தாலும் அடியில் மீன்சாறு இருக்கும். கோயில் வாசல் திண்டில் உட்கார்ந்து நாலு தேப்லாவையும் தின்றேன். அன்று முழுவதும் என்னிடம் 'தனியா?' என்று கேட்டது அந்தப் பாட்டி மட்டும்தான். நம்மூர்க்காரர் ஒருவராவது கேட்டார்களே என்று ஒரு நிம்மதிகூட இருந்தது.

அவர் மாமனார் முதலில் யொக்கோஹாமாவில் வியாபாரம் செய்தவராம். 1923இல் கந்தோ பெருநிலநடுக்கத்தில் யொக்கோஹாமா அழிந்தபோது அங்கிருந்த இந்திய வணிகர்கள் பலர் கோபேக்குப் பெயர்ந்தார்கள். ஒரு நிலநடுக்கம் கொண்டுவந்து சேர்த்த இடத்தில் இன்னொன்றையும் பார்த்தாகிவிட்டது என்று விரலால் இரண்டு காட்டினார். அந்தக் காலத்தில் துணி வியாபாரம். இப்போது மகனுக்கு முத்து.

முத்து என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் கையைப் பிடித்து, கீழ்த்தெருவில் ஒரு கட்டடத்தைக் காட்டினார். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல்கள். இசே, உவாஜிமா, நாகசாக்கி கடல்களில் விளையும் வளர்ப்பு முத்து கோபேக்கு வந்துதான் வெளுக்கப்பட்டு, துளையிடப்பட்டு, தரம் பிரிந்து, கோர்க்கப்பட்டு உலகத்துக்குப் போகிறது. தரம் பிரிப்பது பகலில் மட்டும். விளக்கொளி முத்தின் நிறத்தை மறைத்துவிடும். நேர் வெயில் கண்ணை ஏமாற்றும். மலைப் பச்சையில் பட்டு வடக்கு ஜன்னல் வழியே வரும் அடங்கிய வெளிச்சத்தில்தான் இளஞ்சிவப்பு எது, மஞ்சள் எது என்று தெரியும். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, விரல் நுனியால் உருட்டி உருட்டிக் குவியல் பிரிப்பார்கள் என்று என் உள்ளங்கையிலேயே செய்து காட்டினார்.

என் ஊரும் முத்து ஊர்தான் என்று சொல்ல ஆசை. என் பாடப்புத்தகத்தில் முத்து இல்லை, கொதித்த தண்ணீரும் உடைந்த இயந்திரமும்தான் உண்டு. அவர் கழுத்து மாலையைத் தொட்டுக் காட்டி, "என் ஊர், கடல், இது" என்றேன். அவர் நம்பவில்லை.

எங்கள் ஆச்சி முத்துக் குளிக்கும் சலாபம் பார்த்தவள். தூத்துக்குடியில் 1961இல் நடந்ததுதான் கடைசிச் சலாபம். அப்புறம் கடலடிப் பார்களில் சிப்பி இல்லாமல் போயிற்று. குளியாளிகள் சங்குக்கு மட்டும் கடலில் இறங்கினார்கள். தோணிகள் கரை சேர்ந்ததும் சிப்பியைக் குவியலாகப் பிரித்து, குளித்தவர்களுக்கு ஒரு பங்கு, சர்க்காருக்கு இரண்டு பங்கு என்று வைத்து, ஆயிரக் கணக்கில் ஏலம் விடுவார்களாம். ஏலம் எடுத்தவர் சிப்பியை அழுக விட வேண்டும். ஊர் முழுக்க ஈயும் நாற்றமும். "ராஜா கழுத்துல போடுறது எங்கேருந்து வருதுன்னு மூக்கு உள்ளவனுக்குத் தெரியும்ளா" என்பாள் ஆச்சி. அழுகியதைக் கழுவினால் முத்து இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எல்லாம் அதிர்ஷ்டம். கோபேயில் அதிர்ஷ்டத்துக்கு வேலையில்லை. 1893இல் மிக்கிமோத்தோ கொக்கிச்சி சிப்பிக்குள் உருவாக்கிக் காட்டியதற்குப் பிறகு முத்து, விதைத்து அறுக்கும் வெள்ளாமை ஆகிவிட்டது. ஊரில் நாற்றமும் இல்லை, ஈயும் இல்லை. வெள்ளைத் துணியும் வடக்கு வெளிச்சமும்தான். ஆச்சி இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அந்தச் சரிவில் நின்று யோசித்தேன். இதில் என்ன ருசி இருக்கு என்று கேட்டிருப்பாள்.

பாட்டியிடம் விடைபெற்று, மலையை விட மனமில்லாமல் கிழக்கே நடந்தேன். ஷின்கோபே நிலையத்தில் புல்லட் ரயில் சுரங்கத்திலிருந்து வெளியே வந்து நின்றுவிட்டு, மறுபடி சுரங்கத்துக்குள் போகிறது. அந்த நிலையத்தின் அடியிலேயே ஒரு நடைபாதை. அதில் புகுந்து பதினைந்து நிமிடம் படியேறினால், 43 மீட்டர் உயரத்திலிருந்து நுனோபிக்கி அருவி விழுகிறது. இவ்வளவு பெரிய நகரத்தின் முதுகில் அருவி இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. குற்றாலம் பார்த்தவளுக்கு அருவி புதிதில்லை. புல்லட் ரயிலும் அருவியும் அடுத்தடுத்த வாசலில் இருப்பதுதான் புதிது.

கீழே தெருவில் யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. அதே மனிதர்கள் மலைப்பாதையில் எதிரே வந்தால் ஒவ்வொருவரும் வணக்கம் சொல்கிறார்கள். எல்லாரும் அறுபது, எழுபது வயதுக்காரர்கள். பையில் சின்ன மணி கட்டியிருந்தார்கள். பழைய வெளிநாட்டுக் குடியிருப்புக்காரர்கள் காலை வேளையில் பின்மலையில் ஏறி, தேநீர்க்கடை நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு இறங்குவார்களாம். அதைப் பார்த்து உள்ளூர்க்காரர்களும் பிடித்துக்கொண்ட பழக்கம், நூறாண்டாகத் தொடர்கிறது. வேலைக்குப் போகும் முன் ஒரு மலை. மழையானாலும் மலை. என் விடுதி நோட்டை நினைத்துக்கொண்டேன். இங்கேயும் நோட்டுத்தான், ஆனால் 'ஏன் போனாய்' என்ற கட்டம் இல்லை.

அருவிக்கருகே உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி, எழுபது வயதிருக்கும், கைப்பைக்குள் துழாவி என்னிடம் ஒரு மிட்டாய் நீட்டினார். அந்தப் பக்கத்துப் பெரியம்மாக்கள் முன்பின் தெரியாதவருக்கும் மிட்டாய் கொடுப்பார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பேச்சில்லை. இருவரும் மிட்டாயைச் சப்பிக்கொண்டு தண்ணீரைப் பார்த்தோம். அதற்கும் மேலே 1900இல் கட்டிய ஓர் அணை இருக்கிறது. கான்கிரீட்டில் எடையாலேயே தண்ணீரைத் தாங்கி நிற்கும் வகையில் ஜப்பானின் முதல் அணை. அங்கேயும் ஏறினேன். கோபே தண்ணீர் பூமத்திய ரேகையைத் தாண்டினாலும் கெடாது என்று மாலுமிகள் சொல்லி, கப்பல்கள் இங்கே வந்து தண்ணீர் நிரப்பிக்கொண்டு போனதாக ஒரு பேச்சு உண்டு. வல்லநாட்டிலிருந்து குழாயில் வரும் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போன எனக்கு, ஊர்த் தண்ணீரைப் பற்றி ஊரார் பெருமை பேசுவது வேடிக்கையாக இருந்தது. சுற்றிலும் அடர்ந்து நின்ற காடுகூடத் தானாக வந்ததில்லை. நூறாண்டுக்கு முன் மொட்டையாகக் கிடந்த மலையில் 1902 முதல் ஆள் வைத்து மரம் நட்டிருக்கிறார்கள்.

அங்கிருந்து கடல் வரை இறக்கம்தான். வழியில் நகராட்சிக் கட்டடத்தின் இருபத்து நான்காம் மாடியில் யாரும் இலவசமாக நின்று ஊரைப் பார்க்கலாம். இலவசம் என்பதால் ஏறினேன். காவலர் வரைந்த படம் அப்படியே கீழே விரிந்திருந்தது. பக்கத்தில் நகராட்சியின் இன்னொரு கட்டடம். எட்டு மாடி இருந்ததாம். நிலநடுக்கத்தில் ஆறாம் மாடி மட்டும் நசுங்கிப்போக, மேலே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, ஐந்து மாடியோடு அதே கட்டடத்தில் அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தார்கள். கட்டட வரிசைகளுக்கு நடுவே அங்கங்கே காலி மனைகள். கீழே பூக்களால் ஆன பெரிய கடிகாரம். முட்கள் நகரும், எண்கள் செடி. 1957 முதல் இருக்கிறது, ஜப்பானின் முதல் பூக்கடிகாரம்.

மாலையில் மெரிக்கென் பூங்காவுக்கு வந்து சேர்ந்தேன். அட்டையில் இருந்த சிவப்புக் கோபுரம் அங்கேதான் நிற்கிறது. கோபுரத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. அதற்குக் கொஞ்சம் தள்ளி, கம்பிவேலிக்கு அப்பால், உடைந்த படித்துறை. கிட்டத்தட்ட அறுபது மீட்டர் நீளத்துக்கு, நிலநடுக்கம் உடைத்த கோலத்திலேயே விட்டுவைத்திருக்கிறார்கள். கருங்கல் பாளங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கடலுக்குள் சரிந்து கிடக்கின்றன. விளக்குக் கம்பங்கள் திசைக்கொன்றாகச் சாய்ந்து நிற்கின்றன. அந்த நடுக்கத்தில் 6,400க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஊரையே திரும்பக் கட்டியவர்கள் இந்தத் துண்டை மட்டும் கட்டாமல் வைத்திருந்தார்கள்.

வேலியருகே தூண்டில் போட்டிருந்த ஒரு முதியவர் நான் வெகுநேரம் நிற்பதைப் பார்த்து அருகில் வந்தார். கைக்கடிகாரத்தைக் காட்டி, விரலால் முள்ளை நகர்த்துவது மாதிரிச் செய்து, 5:46 என்றார். பிறகு இரு கைகளையும் தலைக்குக் கீழே வைத்துத் தூங்கிக் காட்டினார். பிறகு தரையைக் காட்டினார். அவர் வீட்டில் யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்கும் மொழி என்னிடம் இல்லை. கேட்காததும் நல்லதாயிற்று. வாளியில் கிடந்த மீன்களைக் காட்டி, எடுத்துக்கொள் என்றார். சைவம் என்று சொல்லத் தெரியாமல், பெரிதாகக் கும்பிட்டேன். அவரும் கும்பிட்டார்.

துணையோடு போனால் நாம் துணையைப் பார்க்கிறோம். தனியாகப் போனால் ஊர் நம்மைப் பார்க்கிறது. காவலர், பாட்டி, மிட்டாய் கொடுத்தவர், தூண்டில்காரர் என்று அன்று என்னைப் பார்த்தவர்களில் ஒருவராவது, எங்கள் நிப்பொன்பாஷிக் கூட்டத்தோடு நான் போயிருந்தால் வாய் திறந்திருப்பார்களா என்பது சந்தேகம். கூட்டத்திடம் யாருக்கும் பேசத் தோன்றுவதில்லை.

மோத்தோமாச்சியில் ஒரு பச்சைத் தொலைபேசியைக் கண்டதும்தான் வீட்டு நினைவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பேசுவேன் என்றுதான் ஏற்பாடு, மணி கிடையாது. அட்டையைச் செருகினேன். அப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.

"எங்கம்மா இருக்கே?"

"கோபேன்னு ஒரு ஊருப்பா."

"கூட யாரு?"

"யாருமில்லப்பா. சும்மா சுத்திப் பார்க்க வந்தேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. திரையில் எண் மட்டும் சரிந்துகொண்டிருந்தது.

"சாப்பிட்டியா?"

"ஒரு குஜராத்திப் பாட்டி கொடுத்தாங்க. இங்க முத்து வியாபாரம்ப்பா, ஊரெல்லாம் முத்து."

"அங்கயுமா?" என்றார். அத்தோடு அட்டை தீர்ந்தது.

ஊர் திரும்பி ஒரு வாரம் வரைக்கும் அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. பிறகு ஒருநாள் திண்ணையில் உட்கார்ந்து, பாலம் நீண்ட கதையைக் கேட்டார், சாய்ந்த விளக்குக் கம்பத்தைக் கேட்டார், முத்தை மட்டும் மூன்று தடவை சொல்லச் சொன்னார். அவர் காலமாகிச் சில ஆண்டுகள் கழித்துத்தான் அம்மா சொன்னாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து அவர் தொலைபேசிப் பக்கத்தை விட்டு நகரவில்லையாம். குளிக்கப் போனபோதுகூட அம்மாவை உட்கார வைத்துவிட்டுத்தான் போனாராம். என் அந்த ஒருநாள் விடுதலையை நான் வெகுகாலம் என் சொந்தச் சம்பாத்தியம் என்றே நினைத்திருந்தேன். பாதிக்குமேல் அவர் கட்டிய பணம்.

அதற்குப் பிறகு எந்த ஊருக்கு வேலையாகப் போனாலும் ஒரு நாளைத் தனியாக ஒதுக்கிக்கொள்வேன். கொல்கத்தாவிலும் புனேயிலும் அப்படிச் சுற்றியிருக்கிறேன். ஆரம்பத்தில் வீட்டில் முணுமுணுப்பு இருந்தது. இப்போது தனியாக ஊர் சுற்றும் பெண்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடுதிகளில் அந்த நாலு கட்ட நோட்டு இன்னும் இருக்கிறதா என்று தெரிந்தவர்களிடம் கேட்டேன். இப்போது விரல் ரேகை என்றார்கள்.

மகள் படிப்பை முடித்து ஒசாகாவிலேயே வேலைக்குப் போய்விட்டாள். முதல் மாதச் சம்பளம் வந்ததும் கோபேக்குப் போனாள். அவள் ரயிலேறியதிலிருந்து அவளுடைய நீலப்புள்ளி நகர்வதை நான் இங்கே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்குக் கட்டணப் பலகை படிக்கத் தெரியும், படிக்காவிட்டாலும் கைப்பேசியை நீட்டினால் எழுத்து மாறிவிடும். எந்தக் கடை எங்கே, எதில் மீன்சாறு இல்லை என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். நான் பார்க்காத நிறையவற்றைப் பார்த்துவிட்டு வந்தாள். மலைப்பக்கம் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறதாம். 1908இல் கசாத்தோ மாரு என்ற கப்பல் 781 பேரோடு பிரேசிலுக்குக் கிளம்பியதும் இதே துறைமுகத்திலிருந்துதான். அப்படிக் கிளம்பியவர்கள் கப்பலேறும் முன் தங்கிப் பயிற்சி பெறுவதற்காக 1928இல் கட்டியது அது. அந்த ஏழைக் குடியானவர்களில் எத்தனை பேர் இந்த ஊரைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள் என்று அவள் கேட்டாள். எனக்கு இது தோன்றவேயில்லை. எங்கள் வகுப்பில் இருந்த பிரேசில்காரர்கள் சிலருக்கு ஜப்பானிய முகம் இருந்தது ஏன் என்பதே இப்போதுதான் உறைத்தது.

"ஒருநாளாவது லொகேஷனை அணைச்சுட்டு நடந்து பாரேன்" என்றேன்.

"நான் அணைப்பேன். பத்தாவது நிமிஷம் நீதான் போன் பண்ணுவே."

மறுத்துப் பேச முடியவில்லை. அப்பாவுக்கு இருந்த கல் நெஞ்சு எனக்கில்லை.

வருகிற இலையுதிர் காலத்தில் நான் அவளிடம் போகிறேன். கோபேக்கு இருவரும் போவது என்று முடிவாயிற்று. ஒன்றாகப் போனால் நான் பேசிக்கொண்டே வருவேன், அவள் எனக்கு மொழிபெயர்த்துக்கொண்டே வருவாள், ஊரை யாரும் பார்க்க மாட்டோம். ஆகவே ஒப்பந்தம் இது: சன்னோமியாவில் இறங்கியதும் பிரிந்துவிட வேண்டும். அவளுக்குக் கடல்பக்கம், எனக்கு மலைப்பக்கம். யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. மாலை ஆறு மணிக்குப் பூக்கடிகாரத்தின் முன்னால் சந்திப்பு.

"அந்தக் கடிகாரம் நீ பார்த்த எடத்துல இல்லம்மா. வேற எடத்துக்கு மாத்திட்டாங்க."

"அப்ப லொகேஷன் அனுப்பு."

"மாட்டேன். விசாரிச்சு வா."